இரும்பு இல்லை

எங்கள் காந்தப் பதிவு நிலையத்துக்குப் புதுக் கருவி வந்திருக்கிறதாம். ஒரு போத்தல் அளவுதான் இருக்குமாம். தானே அளந்து, தானே எண்ணாக எழுதி வைக்குமாம். இருட்டறை வேண்டாம், கடதாசி கழுவ நல்ல தண்ணீர் வேண்டாம், ஆளும் அநேகமாக வேண்டாம். அதைப் பொருத்த வந்த இளம் உத்தியோகத்தர் இரண்டு பேர் பழைய பதிவேடுகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் வீடு தேடி வந்தார்கள்.

"ஐயா, ஒவ்வொரு வரியின்ரை முடிவிலையும் 'இரும்பு இல்லை' எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சிருக்கிறியள். இரும்புக் கடையிலை சாமான் முடிஞ்சு போச்சு எண்டு எழுதினமாதிரிக் கிடக்கு. இது என்னத்துக்கு?"

நானும் சிரித்தேன். போகும்போது, "இதையெல்லாம் எழுதித் தாங்கோ, இலாகாவின்ரை சஞ்சிகையிலை போடுவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் எதிர்பார்த்தது வேடிக்கையான பழங்கதை. வேடிக்கையும் கொஞ்சம் இருக்கிறது. மற்றதையும் எழுதுகிறேன், போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

நான் அனலைதீவில் பிறந்தவன். பள்ளிப் படிப்பு முடிந்து, ஐம்பதுகளின் கடைசியில் கொழும்பில் ஆறு மாதம் பயிற்சி எடுத்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மழையில் நனைந்ததுதான் ஞாபகம். பிறகு என்னை என் சொந்தத் தீவுக்கே அனுப்பினார்கள். பூமியே ஒரு பெரிய காந்தம் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். திசையறி ஊசி வடக்கைப் பார்ப்பதோடு, மற்ற நாடுகளில் தலையைக் குனிந்தும் நிற்கும். எங்கள் பக்கத்தில் அது ஏறக்குறையக் குனிவதில்லை. அப்படியான இடங்களுக்கு மேலே, அறுபது எழுபது மைல் உயரத்தில், மெல்லிய காற்றினூடே பகல் வேளையில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. வெயில் ஏற ஏற அது பெருகும், நண்பகலோடு உச்சம், பொழுது சாய அடங்கிவிடும். அதைக் கீழே இருந்து நாள் முழுவதும் பதிவதுதான் எங்கள் வேலை. ரயிலும் இல்லை, மின்சாரக் கம்பியும் இல்லை, நிலமெல்லாம் சுண்ணாம்புக் கல் என்பதால் எங்கள் தீவைத் தெரிந்தெடுத்தார்கள். வளர்ச்சி இல்லாததற்காக எங்கள் ஊர் பெற்ற ஒரே பரிசு அதுதான்.

பதிவுக் குடில் தீவின் மேற்குக் கரையில் இருந்தது. அதைக் கட்டிய விதமே ஒரு நூதனம். சுண்ணாம்புக் கல் சுவர், பனங்கூரை, பித்தளைக் கதவுப் பிணைச்சல், செப்பு ஆணி. உள்ளே யன்னல் இல்லை, எப்போதும் இருட்டு. தலைமயிரிலும் மெல்லிய இழையில் ஒரு சின்னக் காந்தம் தொங்கும், அதன் முதுகில் ஒரு கண்ணாடித் துண்டு. விளக்கின் ஒளி அதில் பட்டுத் திரும்பி, மணிக்கூட்டுப் பொறியால் மெல்லச் சுழலும் உருளை ஒன்றில் சுற்றிய படக் கடதாசியில் விழும். காந்தம் ஒரு மயிரளவு அசைந்தாலும் கடதாசியில் கோடு அசையும். காலையில் ஒரு முறை உள்ளே போய்க் கடதாசியை மாற்றி, இருட்டறையில் சிவப்பு விளக்கில் கழுவி எடுப்போம். எங்கள் கிணறுகள் அநேகம் உவர். உவர் தண்ணீரில் கழுவினால் கடதாசி பூத்துவிடும் என்பதால் கழுவவென்றே நல்ல தண்ணீர் சுமந்தோம். குடிக்கக் கிடைக்காத தண்ணீரைக் கடதாசிக்கு வார்க்கிறான் என்று ஊர் என்னைப் பார்த்து வாயில் கை வைத்தது.

நிலையப் பொறுப்பாளர் சபாநாதன் ஐயா. நெடிய, மெலிந்த மனிதர். கணிதத்தில் வெகு கெட்டிக்காரர். வெளிநாடு போய்ப் படிக்க வேண்டியவர், எதனாலோ தவறிப் போய் எங்கள் தீவில் வந்து இறங்கியிருந்தார். கொழும்பில் கோட்டும் காற்சட்டையுமாகத் திரிந்தவர், காற்சட்டையின் கொளுக்கி இரும்பு என்ற ஒரே காரணத்துக்காக வேட்டிக்கு மாறினார். வேலியடியில் ஒரு மரத் தூணில் திசையறி கருவி வைத்திருந்தார். குடிலுக்குப் போகிறவர் யாராயினும் அதற்குப் பக்கத்தால் நடக்க வேண்டும். ஊசி அசைந்தால் திரும்பிப் போய், பூட்டுத் திறப்பு, பேனாக்கத்தி, குடை, எதுவோ அதை வைத்துவிட்டு வர வேண்டும். சைக்கிளுக்கு வேலியிலிருந்து முந்நூறு அடி தள்ளித்தான் இடம். உள்ளே போய் வந்தவர் பதிவேட்டில் நேரத்தை எழுதி, கடைசியில் "இரும்பு இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும்.

ஒருமுறை கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் மேற்பார்வைக்கு வந்தார். ஊசி துள்ளியது. ஐயா கையைக் கட்டிக்கொண்டு, "ஊசி மறிக்குது சேர்" என்றார். அதிகாரி திறப்பைக் கழற்றினார், பேனையைக் கழற்றினார். ஊசி அடங்கவில்லை. கடைசியில் இடுப்புப் பட்டியையும் கழற்றிவிட்டு, காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மேற்பார்வை செய்தார். நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஐயாவுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வராமல் போனதற்கு அந்த இடுப்புப் பட்டிதான் காரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஐயா யாரையும் ஏசியதில்லை. பிழை கண்டால், பென்சிலைச் சீவி, பிழைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, பதிவேட்டைத் திருப்பித் தருவார். அந்தப் புள்ளிக்கு நான் பயந்ததுபோல என் தகப்பனுக்கும் பயந்ததில்லை. பல வருடம் என் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி விழவில்லை. ஒருநாள் தூணடியில் நான் தாமதித்தபோது, "உமக்கு ஊசி தேவையில்லை நாகலிங்கம், நீர் போம்" என்றார். நான் மகிழ்ந்து போனேன்.

அறுபதுகளின் பிற்பாதியில் ஒரு கடிதம் வந்தது. காந்தமானி பொருத்திய செயற்கைக் கோள் ஒன்று பதினைந்து நாட்களுக்கு நண்பகல் வேளையில் எங்கள் தலைக்கு மேலாகப் போகப் போகிறது. அந்த மின்னோட்டத்தை அது மேலிருந்து அளக்கும், நாங்கள் கீழிருந்து அளக்க வேண்டும். இரண்டையும் வெளிநாட்டில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஐயாவை அப்படி நான் கண்டதில்லை. அன்று இரண்டு தரம் தேத்தண்ணீர் கேட்டார்.

"இதை விளங்கினால்தான் நாளைக்கு வெள்ளிக்கும் வியாழனுக்கும் போற கருவி சொல்லுறதை நம்பலாம். அங்கை கீழை நிண்டு பாக்க எங்களைப்போல ஒருத்தரும் இல்லை எல்லே" என்றார்.

வேலையைப் பங்கிட்டோம். வானொலிப் பெட்டிக்குள் இரும்பும் காந்தமும் இருப்பதால் அது தூரத்தில், எங்கள் அலுவலகமான கந்தோரில் இருந்தது. ஐயா அங்கே இருந்து கோளின் ஒலியைக் கேட்டு, அது வரும்போது ஒருமுறையும் போகும்போது ஒருமுறையும் வெண்கல மணி அடிப்பார். நான் குடிலுக்குள் கருவிக்குப் பக்கத்தில் நின்று, மணிச் சத்தம் கேட்டதும் விளக்கை ஒரு கணம் மறைத்து, கோட்டில் அடையாளம் வைக்க வேண்டும். காலையில் உள்ளே போகும்போது கடதாசி மாறுவதால் எதுவும் பதிவாகாது. நண்பகலில் அப்படியல்ல, நான் நிற்கும் நேரமெல்லாம் கோடு ஓடிக்கொண்டிருக்கும்.

இனி என் வீட்டுக் கதை. என் மனைவி புவனத்துக்கு முதற் பிள்ளை ஆறாம் மாதத்தில் போனது. இரண்டாவது, பிறக்கும்போதே உயிரில்லை. அப்போது மூன்றாவது, ஏழு மாதம். எங்கள் வீட்டிலிருந்து குடிலுக்குப் போகும் பாதை இளம்பனை வடலிக்குள்ளால் போய்ச் சுடலையை ஒட்டிச் செல்லும். உச்சிப் பொழுதில் அந்தப் பாதையால் யாரும் போவதில்லை. போனால் கூடவே எதுவோ வரும், வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டுக்கு வரவே கூடாதது அது. இரும்பு கையில் இருந்தால் அண்டாது. இது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் இரும்பு வைக்காத வீடு உண்டா?

நண்பகலில் வேலை என்று சொன்னதும் புவனத்தின் முகம் மாறியது. தன் பாக்குவெட்டியைச் சீலைத் துண்டில் சுற்றிக் கொண்டு வந்தாள்.

"இதை மடியிலை வைச்சுக்கொண்டு போங்கோ. திரும்பி வருமட்டும் எடுக்கக்கூடாது."

"அங்கை இரும்பு கொண்டுபோகேலாது புவனம், உனக்குத் தெரியும்தானே."

"ரண்டைக் குடுத்திட்டு நிக்கிறன். எனக்கு உங்கடை ஊசியும் தெரியாது, கோளும் தெரியாது. என்ரை வயித்திலை தொட்டுச் சொல்லுங்கோ."

தொட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டு, ஒத்திகை பார்த்த மூன்று நாளும் பாக்குவெட்டியை வேலியடியில் ஒரு கல்லின் கீழ் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். மூன்றாம் நாள், வேலிப் பக்கம் ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி அதைக் கண்டெடுத்து, புவனத்தின் பாக்குவெட்டி என்று அடையாளம் கண்டு, எனக்கு முன்னே வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். நான் வந்தபோது புவனம் அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். சாப்பிடவில்லை. பின்னேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சரிந்தாள். மருத்துவிச்சி வந்து பார்த்துவிட்டு, "இப்ப பயமில்லை. ஆனால் இவவை யோசிக்க விடாதையுங்கோ" என்றாள்.

கோள் வரும் முதல் நாள், பாக்குவெட்டி என் மடியிலேயே இருந்தது. பேய் பிசாசை நம்பினேனா என்று கேட்டால், நம்பினேன் என்றும் சொல்ல மாட்டேன், நம்பவில்லை என்றும் சொல்ல மாட்டேன். புவனத்தை நம்பினேன். சின்னப் பாக்குவெட்டிதானே, சற்றுத் தள்ளி நின்றால் என்ன வந்துவிடும் என்று மனதைச் சமாதானம் செய்தேன். தூணடியில் யாரும் என்னை மறிக்கவில்லை. மணி அடித்தது, அடையாளம் வைத்தேன், மறுமணி அடித்தது, வைத்தேன், வெளியே வந்தேன். பதிவேட்டில் "இரும்பு இல்லை" என்று எழுதினேன். கையெழுத்து வழக்கம்போலவே விழுந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

மறுநாள் காலை இருட்டறையில் ஐயாவும் கூட நின்றார். சிவப்பு வெளிச்சத்தில், கடதாசியில் கோடு மெல்ல மெல்ல வந்தது. காலையில் தாழ்ந்து கிடந்து, ஏறி, நண்பகலில் மேடாகி, அந்த மேட்டின் உச்சியில், என் இரண்டு அடையாளங்களையும் அணைத்தபடி, ஒரு நெல்மணி அளவு பள்ளம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. வாயைத் திறந்தேன். அதற்குள் ஐயா கடதாசியை விளக்கடிக்குக் கொண்டுபோய்விட்டார்.

"நாகலிங்கம், இதைப் பாரும். கோள் மேலை போகேக்கை மின்னோட்டம் கலங்குது!"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அன்று சொல்லியிருந்தால் ஒரு நாள் கடதாசி மட்டும் பழுது, என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, மிஞ்சிப் போனால் என் வேலை. சொல்லவில்லை. மறுநாளும் மடியில் பாக்குவெட்டி, மறுநாளும் பள்ளம். கோள் வரும் நேரம் நாளுக்கு நாள் கொஞ்சம் தள்ளிப் போகும். பள்ளமும் கூடவே தள்ளிப் போனது. போகாமல் என்ன செய்யும், ஆள்தானே தள்ளிப் போனான். ஐயாவுக்கோ அதுவே பெரிய அத்தாட்சி. பதினைந்து நாளும் பதினைந்து பள்ளம், பதினைந்து "இரும்பு இல்லை". முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

ஐயா இரவு பகலாக இருந்து ஒரு கட்டுரை எழுதினார். கோள் தான் அளக்க வந்ததையே கலக்குகிறது, நாளை வேறு கிரகங்களுக்குப் போகும் கருவிகளும் அப்படியே கலக்கக்கூடும், ஆகவே அவை சொல்வதைத் திருத்தித்தான் எடுக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். வெளிநாட்டிலிருந்து மரியாதையான பதில் வந்தது. கோளின் பதிவில் அப்படி ஒன்றும் இல்லை. குடிலுக்குள் நின்றவர் தம்மை அறியாமல் இரும்பு ஏதும் வைத்திருந்தாரா என்று தயவுசெய்து விசாரிக்கவும்.

ஐயா அந்தக் கடிதத்தோடு என் மேசைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"இப்பிடிக் கேட்டிருக்கினம். நான் என்ன எழுதட்டும்?"

அவர் என் மௌனத்தை ரோசம் என்று எடுத்துக்கொண்டார். மெல்லச் சிரித்தார்.

"கோவியாதையும். அவைக்கு உம்மைத் தெரியாது. வேறை ஆரெண்டாலும் நானும் சந்தேகப்பட்டிருப்பன். உம்மடை பதிவேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பப் போறன், கீழை என்ரை கையெழுத்தையும் வைச்சு."

அனுப்பினார். அந்த மாதம் ஊர்காவற்றுறை ஆசுபத்திரியில் புவனத்துக்குப் பெண் பிள்ளை பிறந்தது. சுகப் பிரசவம். பிள்ளை போட்ட சத்தத்தைக் கேட்டு நான் ஆசுபத்திரி வாசலில் நின்று அழுதேன். சந்தோசத்தில் அழுகிறான் என்று வள்ளக்காரர் என்னைத் தேற்றினார்கள். பாதி அதுதான்.

அடுத்த வருடம் கோள் மறுபடியும் வந்தது. இம்முறை வெளிநாட்டுக்காரர் ஒருவரும் நேரில் வந்து கந்தோரில் இருந்தார். பாக்குவெட்டி வீட்டில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தது. நான் வெறும் மடியோடு உள்ளே போனேன். மறுநாள் இருட்டறையில் மூன்று பேரும் நின்றோம். கோடு வந்தது, மேடு வந்தது, உச்சி வழுவழுவென்று கிடந்தது. ஐயா கடதாசியைத் திரும்பவும் மருந்தில் போடச் சொன்னார். தண்ணீர் நல்ல தண்ணீரா என்று கேட்டார். வெளிநாட்டுக்காரர் வெளியே போனார். பிறகு ஐயா என்னைப் பார்த்து, "போன முறை உள்ளை நிண்டதும் நீர்தானே? ஏதும் வித்தியாசம் இருந்ததோ?" என்றார்.

"இல்லை ஐயா."

தலைமைக் கந்தோரில் அந்தப் பள்ளத்துக்குப் பெயர் வைத்தார்கள், "சபாநாதன்ரை மத்தியானப் பேய்" என்று. பேயை நம்பாத ஒரே மனிதர் அவர். அவர் தலையில் அது ஏறிக் குந்திக்கொண்டது. கட்டுரையை யாரும் அச்சிடவில்லை. கொஞ்சக் காலத்தில் அவரைக் கொழும்புக்கு மாற்றி, மழை அளவு பதியும் பகுதியில் ஒரு மூலையில் இருத்தினார்கள். அங்கிருந்தும் மாதாமாதம் எனக்கு எழுதுவார். நண்பகல் கோடுகளின் பிரதியை அனுப்பும்படி கேட்பார். சூரியன் வேறு விதமாக இருக்கும் வருடத்தில் பள்ளம் திரும்பி வரும் என்பார். நான் அனுப்புவேன். "இன்னும் வரேல்லையோ?" என்று அடுத்த கடிதம் வரும். வியாழனைக் கடந்துபோன விண்கலம் அங்கே மகா பெரிய காந்தப் புலம் கண்டது என்ற பத்திரிகைத் துண்டை ஒருமுறை வெட்டி அனுப்பினார். ஓரத்தில், "கலங்கினதையும் சேர்த்துத்தான் அளந்திருப்பினம், ஆரும் யோசிக்கேல்லை" என்று எழுதியிருந்தார்.

மூன்று தரம் உண்மையை எழுதிக் கடித உறைக்குள் வைத்தேன். மூன்று தரமும் கிழித்தேன். முதல் தரம் வேலைக்குப் பயந்து. இரண்டாம் தரம், பிள்ளைக்குக் காய்ச்சல், புவனம் பாக்குவெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு இருந்தாள், அதைப் பார்த்துக்கொண்டு எழுதி முடிக்க ஏலாமல். மூன்றாம் தரம் வெட்கம். தலைக்கு மேலே வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று விட்டுவிட்டேன். என்னை நானே மன்னிக்கவில்லை, மன்னிக்கும்படி யாரையும் கேட்கவும் இல்லை.

ஐயா ஓய்வுபெற்று, மனைவியின் ஊரான நாரந்தனைக்கு வந்து இருந்தார். இங்கிருந்து ஒரு வள்ளமும் சிறு நடையும்தான். நான் போகவில்லை. அவர் இறந்த செய்தியை வானொலி மரண அறிவித்தலில் கேட்டேன். செத்தவீட்டுக்கும் போக மனம் வரவில்லை. பத்தாம் நாள் போனேன், மனைவியிடமாவது சொல்லிவிடுவது என்ற முடிவோடு.

அந்த அம்மா என்னைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டார். நான் தொடங்குமுன் அவர் தொடங்கிவிட்டார்.

"தம்பி, நீங்கள் வருவியள் எண்டு இருந்தனான். அவர் கடைசி மட்டும் அந்தப் பள்ளத்தைத்தான் கதைச்சவர். 'உலகம் நம்பாட்டிலும் பரவாயில்லை, நாகலிங்கம் கையெழுத்து வைச்சது' எண்டு சொல்லிச் சொல்லித்தான் கண்ணை மூடினவர். அது உண்மைதானே?"

நாற்பது வருடம் அவரோடு வாழ்ந்தவர். அந்தக் கேள்வியை என்னிடம் மட்டுமே கேட்கக்கூடியவர். சொல்ல வந்தது நாக்கு நுனியில் நின்றது. அவர் கண்ணைப் பார்த்தேன்.

"ஓம் அக்கா, உண்மை" என்றேன்.

அவர் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "அப்ப அதை நீங்கள்தான் கல்வெட்டுக்கு எழுதித் தரவேணும்" என்றார். அந்தியேட்டி என்ற முப்பத்தோராம் நாள் கிரியையில், இறந்தவரின் வாழ்க்கையை அச்சிட்டுக் கொடுக்கும் சிறு புத்தகத்தை எங்கள் பக்கம் கல்வெட்டு என்போம். எழுதிக் கொடுத்தேன். விண்கலங்கள் மின்னோட்டத்தைக் கலக்குகின்றன என்பதை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்தவர் அவர் என்றும், நான் அருகே நின்ற சாட்சி என்றும், இரண்டு பக்கம். அந்தியேட்டிக்கு வந்த எல்லாருக்கும் அதைக் கொடுத்தார்கள்.

எங்கள் பங்குக்கு வந்த பிரதியை என் மகள் எடுத்து முற்றத்தில் இருந்து முழுவதும் வாசித்தாள். வாசித்துவிட்டு என்னிடம் வந்து, "அப்பா, இவ்வளவு பெரிய ஆளோடையோ வேலை செய்தனீங்கள்? நீங்களும் கூட நிண்டு பாத்தனீங்களோ?" என்று கேட்டாள். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை.

"ஓம் பிள்ளை" என்றேன்.